பழைய பேஸ்பால் கார்டு டப்பா: வைத்துக்கொள்வதா, கிரேடிங் அனுப்புவதா, விற்பதா, பங்கு போடுவதா?

வீட்டைக் காலி செய்யும்போது ஒரு ஷூ டப்பா கிடைக்கிறது. உள்ளே ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பழைய பேஸ்பால் கார்டுகள். தூக்கிப் போட மனம் வரவில்லை, என்ன செய்வதென்றும் தெரியவில்லை. அமெரிக்காவில் இருக்கும் வாசகர்களிடமிருந்து இந்தக் கேள்வி நான் நினைத்ததைவிட அடிக்கடி வருகிறது. ஓஹையோவில் ஒரு வாசகியின் மாமனார் இறந்துபோனார். கணவரும் அவருடைய இரண்டு அக்காமாரும் டப்பாவை நடுவில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் முடிவெடுக்காமல் இருக்கிறார்கள். நியூ ஜெர்சியில் இன்னொருவருக்கு வேறு கதை. முதியோர் குடியிருப்புக்குப் போகும் பக்கத்து வீட்டுத் தாத்தா, "உன் பையனுக்கு" என்று தன் கார்டுகளை அப்படியே கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதை விற்கலாமா கூடாதா என்று அவருக்குக் குழப்பம்.

பேஸ்பால் பார்க்காமல் வளர்ந்தவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு தடுமாற்றம் உண்டு. பிக் ஃபன் பபிள் கம் வாங்கிக் கிரிக்கெட் படம் சேர்த்தவர்களுக்குச் சேர்க்கிற ஆசை புரியும். ஆனால் அந்தப் படத்துக்கு லட்சக்கணக்கில் விலை வரும் என்று யாரும் கனவு கண்டதில்லை. இங்கே வரும். பெரும்பாலான டப்பாக்களுக்கு வராது என்பதும் உண்மை. இரண்டு வகைக் கார்டும் ஒரே டப்பாவுக்குள் அடுத்தடுத்து இருக்கலாம் என்பதால்தான் ஆட்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள்.

## எதையெல்லாம் பார்த்து முடிவெடுப்பது

காலம். முதலில் கார்டைத் திருப்புங்கள். டாப்ஸ் என்பது பேஸ்பால் கார்டு அச்சிடும் பெரிய நிறுவனம்; அதன் பெரும்பாலான கார்டுகளின் பின்பக்கம் ஆட்டக்காரரின் ஆண்டுவாரிப் புள்ளிவிவரம் இருக்கும். அதில் கடைசியாக இருக்கும் ஆண்டுக்கு அடுத்த ஆண்டுதான் கார்டு வந்த ஆண்டு. 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டில் வந்த டி206 வகை, 1933-இல் வந்த கௌடி பபிள் கம் கார்டுகள், 1948 முதல் 1955 வரை வந்த போமன் நிறுவனக் கார்டுகள், 1952 முதல் வரும் டாப்ஸின் பெரிய வரிசைகள் என்று போகும். 1956-இல் டாப்ஸ் போமனை வாங்கிவிட்டது. அதற்கப்புறம் 1981-இல் ஃப்ளீர், டான்ரஸ் என்ற நிறுவனங்கள் களத்துக்கு வரும்வரை கிட்டத்தட்ட டாப்ஸின் தனி ராஜ்ஜியம்தான்.

போட்டி வந்ததும் ஆளாளுக்கு அச்சடித்துத் தள்ளினார்கள். 1980-களின் பிற்பாதியிலிருந்து 1990-களின் தொடக்கம்வரை வந்தவற்றை 'ஜங்க் வாக்ஸ்' (மெழுகுத்தாள் பாக்கெட்டில் வந்த குப்பை) என்றே சேகரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் "இது நாளைக்குக் காலேஜ் ஃபீஸ்" என்று பெட்டி பெட்டியாக வாங்கி வைத்தவர்கள் நிறைய. எல்லோரும் பத்திரமாக வைத்ததால் எவருக்கும் விலை கிடைக்கவில்லை. உங்கள் டப்பா இந்தக் காலத்தது என்றால், 1989-இல் அப்பர் டெக் நிறுவனம் விட்ட வரிசையின் முதல் எண்ணான கென் கிரிஃபி ஜூனியர் போன்ற ஒருசில கார்டுகளை மட்டும் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி உங்களுக்கு அவ்வளவாகத் தேவைப்படாது.

1973-க்கு முந்தைய டாப்ஸ் என்றால் கார்டின் எண்ணையும் பாருங்கள். அப்போதெல்லாம் ஒரு வருடத்தின் கார்டுகளை மொத்தமாக விடமாட்டார்கள். வசந்த காலத்தில் ஆரம்பித்துத் தவணை தவணையாக விடுவார்கள். கடைசித் தவணை கடைக்கு வரும்போது பள்ளி திறந்திருக்கும், பையன்கள் கால்பந்துக்குப் போயிருப்பார்கள். அதனால் பெரிய எண்கள் குறைவாக விற்றன, குறைவாகவே மிஞ்சின.

1952 டாப்ஸில் நடந்தது இதன் உச்சம். அந்த வரிசையில் மொத்தம் 407 கார்டுகள். டாப்ஸ் ஊழியர் சை பெர்கர் புரூக்ளினில் தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து வடிவமைத்தது. 311-ஆம் எண்ணில் தொடங்கும் கடைசித் தவணையில் மிக்கி மேன்டில், ஜாக்கி ராபின்சன், ராய் கேம்பனெல்லா என்று அந்தக் காலத்து நட்சத்திரங்கள் எல்லோரும் இருந்தும் விற்கவில்லை. வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்த பெட்டிகளை 1960-இல் பெர்கரே படகில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லான்டிக் கடலில் கொட்டச் செய்தார். அந்த 311-ஆம் எண் மேன்டில் கார்டு ஒன்றுதான் 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

நிலை. அந்த விலையைப் பார்த்து மேன்டில் கார்டு உலகிலேயே அரிது என்று நினைத்துவிடக் கூடாது. அச்சுத்தாளில் அது இரண்டு இடத்தில் இருந்தது, அதாவது அதே தவணையின் பெரும்பாலான கார்டுகளைவிட அதிகமாகவே அச்சானது. ஏலத்தில் போனது அதன் நிலைக்காக. மூலைகள் கூராக இருக்கின்றனவா, படம் நடுவில் அமைந்திருக்கிறதா, ஓரம் பிசிறில்லாமல் இருக்கிறதா, மேற்பரப்பில் மடிப்போ கம் கறையோ இருக்கிறதா என்ற நான்கும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன. அதே கார்டு நல்ல நிலையில் இருப்பதற்கும் மடிந்து கிடப்பதற்கும் நடுவே நூறு மடங்கு வித்தியாசம்கூட வரும். 1971 டாப்ஸின் கறுப்பு ஓரம் விரல் பட்டாலே வெளுத்துவிடும், அதனால் அந்த வருடத்துக் கார்டில் நல்ல ஓரம் கிடைப்பது அபூர்வம்.

நினைவு யாருடையது. விலைப் பட்டியலில் இருந்து ஆரம்பிப்பவர்கள் தவறவிடும் இடம் இதுதான். கோடிக்குப் போன அந்த மேன்டில், 1980-களில் மாசசூசெட்ஸில் ஒரு வீட்டில் கண்டெடுத்த, விற்காமல் நின்றுபோன சரக்கிலிருந்து வந்தது. எந்தப் பையனின் பையிலும் அது இருந்ததில்லை. உங்கள் மாமனாரின் கார்டு அப்படியல்ல. ஆட்டக்காரர் வேறு அணிக்கு மாறியதும் பழைய பெயரை அடித்துவிட்டுப் பேனாவால் புதுப் பெயர் எழுதியிருப்பார். துணி கிளிப் மாட்டி சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகி, மோட்டார் சைக்கிள் மாதிரி படபடவென்று சத்தம் வர ஓட்டியிருப்பார். சரிபார்ப்புப் பட்டியல் கார்டில் (வரிசையின் எல்லாக் கார்டுகளின் பெயரும் அச்சிட்ட கார்டு) கிடைத்தவற்றுக்கெல்லாம் டிக் அடித்திருப்பார். இது ஒவ்வொன்றும் விலையைக் குறைக்கிறது. குடும்பத்துக்கு மதிப்புள்ளது இதில்தான் இருக்கிறது. சந்தையில் நல்ல விலை பெறும் கார்டு பெரும்பாலும் யாரும் ஆசையாய்த் தொடாத கார்டு. இந்த முரணை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்: எவற்றை விற்றால் ஒன்றும் இழக்கமாட்டீர்கள், எவற்றை விற்றால் காசும் வராமல் நினைவும் போகும் என்பது தெரிந்துவிடும்.

உரிமை. உங்களுடையது மட்டுமா, கூடப் பிறந்தவர்களுக்கும் பங்கு உண்டா, உயிலில் ஏதாவது எழுதியிருக்கிறதா. அப்புறம் நேரம்: ஆயிரம் கார்டைப் பிரித்து, படம் எடுத்து, விலை பார்த்து, ஒவ்வொன்றாக அஞ்சலில் அனுப்ப உங்களுக்குப் பொறுமை இருக்கிறதா. இல்லை என்றால் இல்லை என்று இப்போதே சொல்லிக்கொள்வது நல்லது.

## எந்த வழியில் போனாலும் முதல் வேலை

ரப்பர் பேண்டைக் கழற்றுவதற்கு முன்னால் படம் எடுங்கள். டப்பாவில் கார்டுகள் எந்த வரிசையில் அடுக்கியிருந்தன என்பதே ஒரு தகவல். அணிவாரியாகக் கட்டியிருப்பார், மேலே இருப்பது அவருக்குப் பிடித்த அணியாக இருக்கலாம். நடுவில் டாட்ஜர்ஸ் கட்டு 1957-ஓடு நின்றுபோயிருந்தால், அந்த அணி புரூக்ளினை விட்டு லாஸ் ஏஞ்சலிஸ் போனதும் கோபித்துக்கொண்டு வாங்குவதை நிறுத்திய ஆயிரக்கணக்கான பையன்களில் அவரும் ஒருவராக இருக்கலாம். கலைத்துப் போட்டு எழுத்து வரிசையில் அடுக்கிவிட்டால் இந்தச் செய்தி போய்விடும்.

பிறகு, இந்தக் கதை தெரியாமல் பின்னால் வரப்போகிறவர்களுக்காக ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த ஊர், எந்தக் கடையில் வாங்கியது, யாரோடு மாற்றிக்கொண்டது. தெரிந்த வரைக்கும் போதும். அதற்கப்புறம் ஒவ்வொன்றையும் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். ரப்பர் பேண்டு ஓரத்தை வெட்டும், மீண்டும் போடவேண்டாம்.

துடைக்க வேண்டாம், பென்சில் கோட்டை அழிக்க வேண்டாம், கம் கறையைச் சுரண்ட வேண்டாம், மடிந்த மூலையை நிமிர்த்தி அழுத்த வேண்டாம். சுத்தம் செய்வதாக நினைத்துச் செய்வதைச் சந்தை 'திருத்தப்பட்டது' என்று முத்திரை குத்திவிடும்.

## வழி 1: அப்படியே வைத்துக்கொள்வது

செலவு மிகக் குறைவு. பி.வி.சி. இல்லாத, பக்கத்துக்கு ஒன்பது கார்டு செருகும் பைகள் உள்ள பிளாஸ்டிக் பக்கங்கள், ஒரு பைண்டர், அவ்வளவுதான். 1952 முதல் 1956 வரையிலான டாப்ஸ் கார்டுகள் பின்னால் வந்தவற்றைவிடப் பெரியவை. 1957-இல்தான் இரண்டரைக்கு மூன்றரை அங்குலம் என்ற இன்றைய அளவு வந்தது. அதனால் பழையவற்றை ஒன்பது பை பக்கத்தில் திணித்தால் மூலை மடங்கும். அவற்றுக்கு எட்டுப் பை பக்கம் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

இந்த வழியின் பெரிய நன்மை, கார்டைக் கையில் எடுக்கலாம். பேரன் புரட்டிப் பார்க்கலாம். பின்பக்கம் இருக்கும் கார்ட்டூனைப் படித்துச் சிரிக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத செலவு இடத்தில் இருக்கிறது. பரணில் கோடை வெயில் கொதிக்கும், நிலவறையில் ஈரம் ஏறும். இரண்டுமே அட்டையை வளைக்கும். வீட்டுக்குள், ஆட்கள் நடமாடும் அறையின் அலமாரிதான் சரி. டப்பாவில் விலை உயர்ந்தது ஏதாவது இருந்தால் உங்கள் வீட்டுக் காப்பீட்டில் சேகரிப்புப் பொருள்களுக்கு எவ்வளவு வரம்பு என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் குறைவாகவே இருக்கும், தனியாக ஒரு பாலிசி எடுக்க வேண்டிவரும்.

இன்னொரு ஆபத்து: வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லிக்கொண்டு நாம் செய்வது பல சமயம் தள்ளிப்போடுவதுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே டப்பா காரேஜுக்குப் போய்விடுகிறது. அது வைத்துக்கொள்வது ஆகாது.

## வழி 2: கிரேடிங் அனுப்புவது

கார்டை ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினால் அவர்கள் உண்மையானதா என்று பார்த்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, உடைக்காமல் திறக்க முடியாத கெட்டி பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தருவார்கள். அந்தக் கூட்டுக்கு 'ஸ்லாப்' என்று பெயர். 1991-இல் தொடங்கிய பி.எஸ்.ஏ. இதில் முன்னோடி. எஸ்.ஜி.சி., பெக்கெட், சி.ஜி.சி. ஆகியவையும் உண்டு. பழைய கார்டுகளுக்கு பி.எஸ்.ஏ.-வும் எஸ்.ஜி.சி.-யும்தான் அதிகம் புழங்குகின்றன. 2024-இல் பி.எஸ்.ஏ.-வின் தாய் நிறுவனமே எஸ்.ஜி.சி.-யை வாங்கிவிட்டதால் போட்டி என்று பெரிதாகச் சொல்ல முடியாது.

கணக்கு எளிது, ஆனால் யாரும் போடுவதில்லை. பி.எஸ்.ஏ.-வில் மிகக் குறைந்த கட்டணமே கார்டுக்கு 20 டாலருக்கு மேல். அதோடு போக வர அஞ்சல், காப்பீடு. கார்டின் மதிப்பு ஏற ஏறக் கட்டணமும் ஏறும். நீங்கள் குறைத்துச் சொல்லி அனுப்பினாலும் மதிப்பெண் நன்றாக வந்துவிட்டால் மேல்கட்டணத்தை வாங்கிக்கொள்வார்கள். 1960-களின் சாதாரண ஆட்டக்காரர் கார்டு ஒன்று 4 டாலர் பெறும் என்று வைத்துக்கொள்வோம். 25 டாலர் செலவழித்து 4 மதிப்பெண் வாங்கினால் அது 10 டாலர் கார்டு ஆகலாம். ஏறியது ஆறு டாலர், நஷ்டம் பத்தொன்பது டாலர். டப்பா முழுவதையும் அனுப்பச் சொல்பவர் உங்கள் நண்பர் அல்ல.

எதை அனுப்பலாம்? 1954 டாப்ஸ் ஹாங்க் ஆரோன், 1955 டாப்ஸ் ராபர்டோ கிளமென்டே, சாண்டி கோஃபேக்ஸ், 1963 பீட் ரோஸ், 1968 நோலன் ரயன் போன்ற முதல் வருடக் கார்டுகள். 1951 போமனின் மேன்டில், வில்லி மேஸ். எந்த வருடமானாலும் மேன்டில், மேஸ், ஆரோன், ராபின்சன். இவை நைந்திருந்தாலும் அனுப்புவதில் அர்த்தம் உண்டு. ஏனென்றால் போலிகளும் மறுபதிப்புகளும் நிறைய. வாங்குபவருக்கு முதலில் வேண்டியது 'இது அசல்' என்ற வார்த்தை. 1983-இல் டாப்ஸே 1952 வரிசையை மறுபதிப்பாக வெளியிட்டது. நல்லவேளை, அது சிறிய அளவு. அசல் இரண்டே முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைந்த அகலமும் மூன்றே முக்கால் அங்குல உயரமும் இருக்கும். வீட்டிலேயே ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம். "மாமனாரிடம் 1952 மேன்டில் இருக்கிறது" என்று பரபரப்பாக வரும் செய்திகளில் பல இந்த ஸ்கேலோடு முடிந்துவிடுகின்றன.

மதிப்பெண்ணைக் கடவுள் வாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். பி.எஸ்.ஏ. தரம் பார்த்த முதல் கார்டு எது தெரியுமா? டி206 ஹோனஸ் வாக்னர். ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி ஒரு கூட்டாளியோடு சேர்ந்து 1991-இல் 4,51,000 டாலருக்கு வாங்கியது. 8 மதிப்பெண் கிடைத்தது. அதன் ஓரங்களைத் தானே வெட்டிச் சீராக்கியதாக ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013-இல் ஒப்புக்கொண்டார். இன்று சாதாரண ஒருவர் ஓரம் வெட்டிய கார்டை அனுப்பினால் மதிப்பெண்ணே கிடைக்காது, 'அசல், ஆனால் திருத்தப்பட்டது' என்ற லேபிள்தான் வரும்.

நினைவுக்காக வைத்துக்கொள்ளும் கார்டுக்கு ஸ்லாப் தேவையா? என் அபிப்பிராயம், வேண்டாம். அப்பா கையால் எழுதிய கார்டை அனுப்பினால் 'எழுத்து இருக்கிறது' என்ற குறிப்போடு குறைந்த மதிப்பெண் வரும். அப்பாவின் கையெழுத்தைக் குறை என்று அச்சடித்து அலமாரியில் வைக்க எனக்கு மனம் வராது. டாப்லோடர் என்ற மலிவான கெட்டி பிளாஸ்டிக் உறையே போதுமான பாதுகாப்பைத் தரும்.

## வழி 3: விற்பது

விற்பதில் பாவம் ஒன்றும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்பவர்களில் பாதிப் பேர் குற்ற உணர்ச்சியோடுதான் கேட்கிறார்கள்.

மூன்று வாசல்கள். கார்டு கடை அல்லது கார்டு வியாபாரிகள் கூடும் ஷோ: அன்றே காசு கிடைக்கும். கடைக்காரர் சந்தை விலையில் பாதியிலிருந்து எழுபது சதவீதம்வரை தருவது சாதாரணம். சாதாரண ஆட்டக்காரர்களின் குவியலுக்கு இன்னும் குறையும். அவருக்கு வாடகை உண்டு, அந்தக் குவியலை விற்க அவருக்கு வருடக்கணக்கில் ஆகும், அதனால் இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் டப்பாவில் இருப்பதைத் தெரிந்துகொள்ளாமல் அவர் முன்னால் வைப்பது உங்கள் தவறு. ஈபே: கட்டணமாக சுமார் 13 சதவீதம் போகும், உழைப்பு முழுவதும் உங்களுடையது. விலை பார்க்கும்போது கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், 'விற்றவை' என்ற வடிகட்டியைப் போட்டு உண்மையில் கைமாறிய விலையைப் பாருங்கள். எவரும் எதையும் கேட்கலாம். ஏல நிறுவனம்: சில ஆயிரம் டாலருக்கு மேல் பெறும் கார்டுக்கு இதுவே சரி. ஹெரிடேஜ், ராபர்ட் எட்வர்ட் ஆக்‌ஷன்ஸ், கோல்டின் போன்றவை. வாங்குபவர் ஏல விலைக்கு மேல் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கட்டுவார். செய்தியில் வரும் விலை அதையும் சேர்த்தது, விற்பவர் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. நல்ல கார்டுக்கு அந்தக் கூடுதல் தொகையிலேயே ஒரு பகுதியை உங்களுக்குத் தரச்சொல்லிப் பேரம் பேசலாம். பணம் வர மாதங்கள் ஆகும்.

வரியை மறக்கிறார்கள். அமெரிக்க மத்திய வரிச் சட்டத்தில் இவை சேகரிப்புப் பொருள்கள், நீண்டகால ஆதாயத்துக்கு 28 சதவீதம்வரை வரி உண்டு. ஆனால் இறந்தவரிடமிருந்து மரபுரிமையாக வந்ததென்றால், அவர் இறந்த நாளில் இருந்த சந்தை விலையே உங்கள் வாங்கிய விலையாகக் கணக்காகும். அதற்கு மேல் கிடைத்த ஆதாயத்துக்கு மட்டும்தான் வரி. அதனால் அந்தத் தேதியின் விலையை அப்போதே எழுதி வையுங்கள். உயிரோடு இருப்பவர் அன்பளிப்பாகத் தந்தால் கணக்கு வேறு, அவர் வாங்கிய விலைதான் உங்கள் விலை. நியூ ஜெர்சி வாசகருக்கு இது பொருந்தும்: தாத்தா 5 சென்ட் பாக்கெட்டில் வாங்கியிருந்தால், கணக்கில் கிட்டத்தட்ட மொத்தமும் ஆதாயமே.

## வழி 4: பங்கு போடுவது

2012-இல் ஓஹையோவின் டிஃபையன்ஸ் என்ற ஊரில், இறந்துபோன ஒரு பெண்மணியின் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது, அழுக்குப் படிந்த அட்டைப் பெட்டியில் கயிற்றால் கட்டிய சுமார் 700 கார்டுகள் கிடைத்தன. 1910 வாக்கில் மிட்டாயோடு வந்த இ98 வகை. அந்த வீட்டின் பெரியவர் ஒரு காலத்தில் இறைச்சிக் கடை நடத்தியவர். டை காப், சை யங், ஹோனஸ் வாக்னர் எல்லோரும் அச்சடித்த அன்று போலவே இருந்தார்கள். அந்தக் கடைக்காரரின் பேரப்பிள்ளைகள் இருபது பேர். அடித்துக்கொள்ளாமல் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். சிலர் விற்றார்கள், சிலர் வைத்துக்கொண்டார்கள். அந்த ஆகஸ்டில் முதல் தவணையாக 37 கார்டுகள் மட்டும் 5,66,000 டாலருக்கு மேல் ஏலம் போயின.

அங்கே எல்லாக் கார்டும் நல்ல நிலையில் இருந்ததால் சமமாகப் பிரிக்க முடிந்தது. சாதாரண டப்பாவில் அது நடக்காது: மூன்று பேர், ஒரே ஒரு மேஸ். எனக்குத் தெரிந்து வேலை செய்யும் முறை இது. விலை உயர்ந்த சில கார்டுகளைத் தனியாக எடுத்து, அவற்றைக் கிரேடிங் செய்து விற்றுப் பணத்தைச் சமமாகப் பிரித்துவிடுங்கள். அல்லது ஒருவர் அந்த விலைக்கு மற்றவர்களுக்குப் பங்கைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளட்டும். மிச்சத்தை மேசையில் பரப்பி, ஆளுக்கு ஒன்றாகச் சுற்றிவந்து எடுங்கள். இரண்டாம் சுற்றில் கடைசி ஆள் முதலில் எடுக்க வேண்டும்.

மறைவான செலவு: முழு வரிசை இருந்தால் உடையும். ஒரு வருடத்து டாப்ஸ் வரிசையை முழுமையாகச் சேர்த்து வைத்திருந்தால் அதைப் பிரிக்காதீர்கள், அதைச் சேர்ப்பதற்காகத்தான் அந்தப் பையன் ஒரு கோடை முழுவதும் தெருத்தெருவாக அலைந்திருப்பான். முழுதாக ஒருவரிடம் போகட்டும். டிக் அடித்த பட்டியல் கார்டையும் முன்னால் சொன்ன படங்களையும் ஸ்கேன் செய்து எல்லோருக்கும் அனுப்பிவிடலாம்.

## வழி 5: கொடுத்துவிடுவது

அருங்காட்சியகம் வாங்கிக்கொள்ளுமா என்று கேட்கிறார்கள். நியூ யார்க்கின் மெட்ரோபாலிடன் கலைக் கூடத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பேஸ்பால் கார்டுகள் உண்டு. சிரக்யூஸைச் சேர்ந்த ஜெஃபர்சன் பர்டிக் என்பவர் சேர்த்துக் கொடுத்தவை. மூட்டுவாதத்தில் விரல்கள் மடங்காத நிலையிலும் அங்கேயே உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டி, 1963 ஜனவரியில் முடித்து, இரண்டு மாதத்தில் இறந்துபோனார். டி206, இ98 என்று இன்றும் சொல்லும் எண்கள் அவர் போட்டவை. அப்படிப்பட்ட இடத்துக்கு 1970-களின் சாதாரணக் கார்டு தேவைப்படாது. பள்ளியிலோ நூலகத்திலோ பேஸ்பால் விளையாடும் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் உபயோகமாக இருக்கும்.

## ஒரே பார்வையில்

| | கைக்காசு செலவு | உழைப்பு | மறைவான செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| அப்படியே வைப்பது | மிகக் குறைவு | ஒரு வார இறுதி | ஈரம், வெயில், காப்பீடு, மறதி | நைந்த கார்டு, நிறைந்த நினைவு |
| கிரேடிங் | கார்டுக்கு சுமார் 20 டாலர் முதல் | நடுத்தரம், காத்திருப்பு அதிகம் | மேல்கட்டணம், ஏமாற்றம் | பெரிய ஆட்டக்காரர் சிலர், விற்கும் எண்ணம் |
| கடையில் விற்பது | இல்லை | மிகக் குறைவு | விலையில் பாதிவரை போகும் | நேரம் இல்லாதவர், சாதாரணக் குவியல் |
| ஈபே | சுமார் 13 சதவீதம் | மிக அதிகம் | அஞ்சல், திருப்பி அனுப்பும் தகராறு | பொறுமைசாலி, நடுத்தர விலைக் கார்டு |
| ஏலம் | பேரத்தைப் பொறுத்தது | குறைவு | மாதக்கணக்கில் காத்திருப்பு, வரி | சில ஆயிரம் டாலர் பெறும் கார்டு |
| பங்கு | இல்லை | பேச்சுவார்த்தை | வரிசை உடையும், மனத்தாங்கல் | உடன்பிறந்தவர்கள் பலர் |
| கொடுப்பது | இல்லை | குறைவு | பார்க்காமல் நல்லதையும் கொடுத்துவிடுவது | 1980-களின் பிற்பாதி முதல் வந்த குவியல் |

## இனி உங்கள் விஷயம்

ஓஹையோ வாசகிக்கு: மூன்று பேர் இருக்கும்போது ஒரே வழியை எல்லாக் கார்டுக்கும் போடப் பார்ப்பதால்தான் பேச்சு நகரவில்லை. மாமனார் 1950-களில் சிறுவன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உள்ளே கிரேடிங் அனுப்பத் தகுந்த கார்டு ஒரு கை விரலுக்குள் இருக்க வாய்ப்பு அதிகம். அவற்றை மட்டும் கிரேடிங் செய்து ஏலத்துக்கு விடுங்கள். மீதியைச் சுற்றுமுறையில் பிரியுங்கள். அக்காமார் இருவரும் சின்ன வயதில் அப்பாவோடு சேர்ந்து கார்டு அடுக்கியிருந்தால் அவர்களே முதலில் எடுக்கட்டும். உங்கள் கணவர் கடைக்குட்டி என்பதால் அப்போது பார்த்திருக்கவே மாட்டார்.

நல்ல நிலையில் ஒரே ஒரு பெரிய கார்டு, வாரிசும் ஒருவர்தான் என்றால், அவசரம் எதுவும் இல்லை. கிரேடிங் செய்து, காப்பீடு போட்டு, ஒரு வருடம் வைத்திருந்து பாருங்கள். 1 கோடியே 26 லட்சத்துக்குப் போன மேன்டிலை அதன் முந்தைய உரிமையாளர் 1991-இல் 50,000 டாலருக்கு வாங்கியிருந்தார். இதைச் சொல்வது விலை ஏறிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கையில் அல்ல. நடுத்தரக் கார்டுகள், 2021-இல் கார்டு விலைகள் எகிறிய பரபரப்பில் ஏறிய வேகத்தில் இறங்கியும் இருக்கின்றன. கடனை அடைக்கப் பணம் தேவை என்றால் விற்றுவிடுங்கள். தேவை இல்லை என்றால் சந்தையைக் கணித்து விற்கப் பார்க்க வேண்டாம்.

நியூ ஜெர்சி வாசகருக்கு: தாத்தா இன்னும் இருக்கிறார். அப்படியென்றால் விற்பது, கிரேடிங் எதையும் இப்போது செய்யாதீர்கள். அவர் "உன் பையனுக்கு" என்று கொடுத்தது உங்கள் பையனுக்குத்தான், உங்களுக்கு அல்ல. டப்பாவைத் தூக்கிக்கொண்டு பையனோடு அவரைப் போய்ப் பாருங்கள், ஃபோனில் பதிவைப் போட்டுவிட்டு ஒவ்வொரு கட்டாக எடுத்துக் கொடுங்கள். எந்தக் கடை, யாரோடு மாற்றினீர்கள், எதைத் தொலைத்தீர்கள் என்று பையனே கேட்கட்டும். உள்ளே விலை உயர்ந்தது ஏதாவது இருந்தால் அதை அவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள். தெரியாமல் கொடுத்திருந்தால் அந்த ஒரு கார்டு அவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போவதே சரி. அப்படியும் உங்கள் பையனே வைத்துக்கொள்ளட்டும் என்று அவர் சொன்னால், அதை ஒரு தாளில் இரண்டு வரியாக எழுதித் தேதியோடு கையெழுத்து வாங்கி டப்பாவிலேயே போட்டுவையுங்கள்.